முற்றத்தில் அரைத்த பாறை: ஸம்ஃபாரா ஈய நச்சு

2010-ம் ஆண்டின் தொடக்கத்தில் வடமேற்கு நைஜீரியாவின் ஸம்ஃபாரா மாநிலத்தில் ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பினர் மூளைக்காய்ச்சல் கண்காணிப்பில் இருந்தார்கள். மார்ச் மாதம் அவர்கள் காதுக்கு ஒரு சேதி வந்தது. சில கிராமங்களில் சின்னப் பிள்ளைகள் அடுத்தடுத்து இறக்கிறார்கள். முதலில் வாந்தி, வயிற்றுவலி. அப்புறம் வலிப்பு, நினைவு தப்புதல், மரணம். மலேரியா என்று நினைத்து மருந்து கொடுத்தால் கேட்கவில்லை. தொற்றுநோய் என்றால் ஊருக்கு ஊர் பரவ வேண்டும். இது குறிப்பிட்ட சில ஊர்களை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற ஊர்களை விட்டுவிட்டது.

பிள்ளைகளின் ரத்த மாதிரிகள் ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டன. வந்த பதில்: ஈயம். ஒரு டெசிலிட்டர் (100 மில்லிலிட்டர்) ரத்தத்தில் 10 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே கவனிக்க வேண்டும் என்பது அன்றைய அளவுகோல். இன்று அமெரிக்கா அதை 3.5-க்கு இறக்கிவிட்டது. ஸம்ஃபாரா பிள்ளைகளில் பலருக்கு அது 100-ஐத் தாண்டியிருந்தது.

ஈயத் தொழிற்சாலை எதுவும் அந்தப் பக்கம் கிடையாது. பேட்டரி உருக்கும் பட்டறையும் இல்லை. இருந்தது தங்கம். ஊர்க்காரர்கள் தோண்டி, உடைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து அரைத்துக்கொண்டிருந்த தங்கப்பாறை.

சிறு அளவிலான தங்கச் சுரங்கம் என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது பாதரசமும் சேறாகிப்போன ஆறுகளும்தான். கானாவின் பிரா ஆறு, பெருவின் மாத்ரே டி டியோஸ் காடு என்று அதற்கு உதாரணங்கள் நிறைய. மாத்ரே டி டியோஸில் பாதரச மாசுக்காக 2016-ல் அவசரநிலையே அறிவித்தார்கள். ஸம்ஃபாராவிலும் பாதரசம் உண்டு. ஆனால் அங்கே 400-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்ததற்குக் காரணம் பாதரசம் அல்ல. வெளியிலிருந்து வாங்கிச் சேர்த்த எந்த ரசாயனமும் அல்ல. பாறையிலேயே இருந்த ஈயம், அது அரைக்கப்பட்ட இடம் காரணமாக, பிள்ளைகளின் வாய்க்குள் போனது. இந்த நிகழ்வில் நான் முக்கியமாகக் கருதுவது அந்த ‘இடம்’தான்.

இரண்டு ஊர்களின் கணக்கு

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் (சி.டி.சி.) குழு 2010 மே மாதம் நைஜீரிய சுகாதார அமைச்சகத்தோடும் உலக சுகாதார நிறுவனத்தோடும் சேர்ந்து களத்தில் இறங்கியது. புக்குயும் வட்டாரத்தில் யார்கல்மா, அங்கா வட்டாரத்தில் டாரெட்டா என்று இரண்டு ஊர்களை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். அங்கே வீடு என்பது மண்சுவர் சூழ்ந்த ஒரு வளாகம். நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள், உள்ளே ஒரே குடும்பத்தின் பல கிளைகள். அப்படி 119 வளாகங்கள்.

ஐந்து வயதுக்குட்பட்ட 463 பிள்ளைகளில் 118 பேர் அதற்கு முந்தைய ஓராண்டுக்குள் இறந்திருந்தார்கள். நாலில் ஒருவர். உயிரோடு இருந்தவர்களில் 204 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் ஈய நச்சு. அவர்களில் 198 பேருக்கு 45 மைக்ரோகிராமுக்கு மேல், அதாவது ஈயத்தை உடலிலிருந்து இழுத்து வெளியேற்றும் மருந்தைத் தொடங்கியே ஆக வேண்டிய அளவு. இப்படிச் சோதித்த ஒரு பிள்ளைகூடத் தப்பாத ஈய நச்சு, பதிவுகளில் தேடினாலும் எளிதில் கிடைக்காது.

மரணத்தோடு எதெல்லாம் சேர்ந்து வருகிறது என்றும் அந்த ஆய்வு பார்த்தது. நாலு விஷயங்கள் தனித்து நின்றன: பிள்ளையின் வயது, தாய் பாறை பதப்படுத்தும் வேலையில் இருந்தாளா என்பது, ஊர்ப் பொதுக்கிணற்றுத் தண்ணீர், வீட்டு முற்றத்து மண்ணில் இருந்த ஈயத்தின் அளவு. தகப்பன் சுரங்கத்துக்குப் போனானா இல்லையா என்பது இந்தப் பட்டியலில் இல்லை, கவனியுங்கள். குழிக்குள் இறங்கிய ஆணைவிட, வீட்டுக்குள் சல்லடை பிடித்த பெண்ணின் பிள்ளைக்குத்தான் ஆபத்து. பார்த்த வளாகங்களில் மூன்றில் இரண்டு பங்கில் பாறை வீட்டுக்குள்ளேயே பதப்படுத்தப்பட்டிருந்தது.

மூட்டையில் வந்த கல்

கம்பும் சோளமும் விளையும் வறண்ட பூமி அது. மழைக்காலம் நாலு மாதம். மற்ற நாட்களில் வேலை தேடிப் போக வேண்டும், இல்லையென்றால் தோண்ட வேண்டும். தங்கம் அங்கே புதிதல்ல. காலனியாட்சிக் காலத்திலேயே எடுத்திருக்கிறார்கள். ஆனால் 2008-க்குப் பிறகு உலகச் சந்தையில் தங்கத்தின் விலை ஏற ஏற, பகுதிநேர வேலையாக இருந்தது முழுநேரமாகிவிட்டது. 2010-ல் ஒரு அவுன்ஸ் 1,200 டாலரைத் தொட்டது. ஒரு மூட்டை நல்ல கல் கிடைத்தால் வயலில் பருவம் முழுக்க உழைத்ததைவிட அதிகம் என்ற நிலை வந்ததும் யார்தான் சும்மா இருப்பார்கள்?

ஆண்கள் குழி தோண்டி வெள்ளைப் படிகக் கல்லோடு சேர்ந்து ஓடும் தாதுவை உடைத்தெடுப்பார்கள். சாக்கில் கட்டி மோட்டார் சைக்கிளில் ஊருக்கு வரும். பெரிய கற்களைச் சுத்தியலால் ஜல்லியாக்குவார்கள். பிறகு அரைவை. இதற்காகத் தனி இயந்திரம் யாரும் வாங்கவில்லை. தானியம் அரைக்கும் டீசல் மாவு மில்தான். கல்லை உள்ளே கொட்டினால் மறுபக்கம் மாவாக வரும். கூடவே புகைபோலத் தூசி. சில இடங்களில் அதே மில்லில் சோளமும் அரைபட்டது.

அந்த மாவைச் சலிப்பது, தண்ணீர் ஊற்றிச் சரிவான பலகையில் ஓடவிட்டுக் கனமானதைத் தேக்குவது, காயவைப்பது எல்லாம் அடுத்த கட்டம். கடைசியில் பாதரசம் விட்டுப் பிசைந்தால் தங்கத் துகள்கள் அதோடு ஒட்டிக்கொள்ளும். துணியில் வைத்துப் பிழிந்து, மிஞ்சிய உருண்டையை அடுப்பில் சுட்டால் பாதரசம் ஆவியாகும், தங்கம் நிற்கும். அந்த அடுப்பு பெரும்பாலும் சமையலும் நடக்கிற அதே முற்றத்தில். கழித்த மண் சுவரோரம் குவியும். கோழியும் ஆடும் பிள்ளைகளும் அதன்மேல்தான் புழங்கும்.

மாவு மில் வருவதற்கு முன்னால் உலக்கையால் இடித்த காலமும் உண்டு. அப்போதும் ஈயம் பாறைக்குள் இருந்ததுதான். ஆனால் கையால் இடித்தால் எவ்வளவு கல் இடிக்க முடியும்? இயந்திரம் வந்ததும் அளவு பெருகியது, தூளும் மிக நைசானது. கால் மில்லிமீட்டருக்கும் சின்னத் துகள் கையில் ஒட்டும், காற்றில் பறக்கும், பாயில் படியும், பாலூட்டும் தாயின் துணியிலும் இருக்கும்.

ஏன் வீட்டுக்குள்?

இதைப் படிக்கிற யாருக்கும் வருகிற கேள்வி. இவ்வளவு தூசி கிளப்புகிற வேலையை வீட்டுக்குள் ஏன் செய்தார்கள்?

ஒன்று, இந்தப் பகுதி ஹவுசா முஸ்லிம் குடும்பங்களில் மணமான பெண்கள் வீட்டு வளாகத்தை விட்டு அதிகம் வெளியே போவதில்லை. பெண் வெளியே போக முடியாது என்றால் வேலை பெண்ணைத் தேடி உள்ளே வரும். சுரங்கத்தால் பெண்களின் கையில் புழங்கிய காசு இந்த உடைப்பு, சலிப்பு வேலையால் வந்தது. அது அவர்களுடைய சொந்தக் காசு. சும்மா விட்டுவிடச் சொன்னால் யாரும் விடமாட்டார்கள். இரண்டாவது, திருட்டுப் பயம். தங்கம் இருக்கும் மூட்டையை ஊருக்கு வெளியே போட்டுவிட்டு யார் நிம்மதியாகத் தூங்குவார்கள்? மூன்றாவது, சட்டம். நைஜீரியாவில் நிலத்தடிக் கனிமம் முழுவதும் மத்திய அரசுக்குச் சொந்தம். 2007-ம் ஆண்டுச் சட்டப்படி சிறு சுரங்கத்தாரர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து உரிமம் வாங்கலாம். காகிதத்தில் எளிது. தலைநகருக்குப் போய் மனுப் போடவோ எல்லை அளந்து கொடுக்கவோ டாரெட்டாவின் விவசாயிக்கு வழி ஏது? உரிமம் இல்லாத வேலையை ஊருக்கு நடுவே கொட்டகை போட்டுச் செய்ய முடியாது. சுவருக்குப் பின்னால்தான் முடியும்.

இந்தப் பயம்தான் ஆரம்பத்தில் வாயையும் அடைத்தது. மரணங்களைப் பற்றிக் கேட்டபோது பல குடும்பங்கள் மழுப்பின. உண்மையைச் சொன்னால் அரசு சுரங்கத்தை மூடிவிடும் என்று நினைத்தார்கள். அரசு பிறகு அதைத்தான் செய்தது, ஆகவே அவர்கள் நினைத்தது தப்பு என்று சொல்ல முடியவில்லை.

பாறையின் குணம்

எல்லாத் தங்கப்பாறையும் இப்படிக் கொல்லாது. ஸம்ஃபாரா மண்ணடியில் தங்கம் ஓடும் படிகக் கல் இழைகளில் கலேனா என்ற ஈயத் தாதுவும் கூடவே ஓடுகிறது. பதப்படுத்திய தூளில் சில மாதிரிகள் 1,85,000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு) வரை காட்டின. எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஈயம்.

அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கலேனா என்பது ஈயமும் கந்தகமும் சேர்ந்த கூட்டுப்பொருள். வயிற்று அமிலத்தில் அவ்வளவு சுலபமாகக் கரையாது. ஆனால் நிலத்தின் மேற்பரப்புக்கு அருகே காற்றும் மழைநீரும் பட்டுப் பட்டு அது ஈயக் கார்பனேட்டாக மாறியிருந்தது. இது வயிற்றில் போனதும் கரைந்துவிடும். கைக்கருவியோடு தோண்டுகிறவர்கள் மேல்மட்டத்தில்தானே தோண்ட முடியும்? ஆக, அவர்கள் கைக்கு எட்டிய தாதுதான் உடம்பில் சீக்கிரம் சேர்கிற தாது. சிறு சுரங்கம் என்பதாலேயே வந்த ஆபத்து என்று இதைச் சொல்லலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தரையில் விளையாடுகிற சின்னப் பிள்ளை, தன்னையறியாமல் ஒரு நாளைக்குச் சுமார் 100 மில்லிகிராம் மண்ணையும் தூசியையும் விழுங்கும் என்பது பொதுவாக எடுத்துக்கொள்ளும் மதிப்பீடு. ஒரு சிட்டிகைக்கும் குறைவு. அந்த முற்றத்து மண்ணில் பத்தில் ஒரு பங்கு ஈயம் என்றால் தினமும் 10 மில்லிகிராம், அதாவது 10,000 மைக்ரோகிராம் ஈயம் வயிற்றுக்குள் போகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு முன்பு வைத்திருந்த வரம்பின்படி பத்துக் கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒரு வாரத்துக்கே 250 மைக்ரோகிராம்தான். எந்த அளவும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என்பதால் அந்த வரம்பையும் அதே 2010-ல் கைவிட்டார்கள்.

விழுங்கிய ஈயத்தில் பெரியவர் உடம்பு பத்தில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டால் சின்னப் பிள்ளையின் உடம்பு பாதி வரை எடுத்துக்கொள்ளும். சத்துக் குறைவான பிள்ளை என்றால் இன்னும் மோசம். இரும்பும் கால்சியமும் போதாத குடல் ஈயத்தை ஆவலோடு உறிஞ்சும். மூளையின் நுண்குழாய்கள் கசிந்து வீங்குவதால் வருவதுதான் அந்த வலிப்பு. பிழைத்தவர்களிலும் பார்வை போனவர்கள், காது கேளாதவர்கள், நடக்க முடியாதவர்கள், பேச்சு வராதவர்கள் உண்டு.

முதலில் மண், பிறகு மருந்து

ஈயத்தை வெளியேற்ற டி.எம்.எஸ்.ஏ. என்ற மாத்திரை இருக்கிறது. வாய்வழி கொடுக்கலாம், 19 அல்லது 28 நாள் ஒரு சுற்று. 2010 ஜூனிலிருந்து ஓராண்டில் மட்டும் 1,156 பிள்ளைகளுக்கு 3,180 சுற்றுகள் கொடுத்தார்கள். மின்சாரம்கூட ஒழுங்காக இல்லாத ஊரில் இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் இந்தச் சிகிச்சையை அதற்கு முன் யாரும் செய்ததில்லை.

ஆனால் மருந்தைவிட வரிசைதான் முக்கியம் என்பதை மருத்துவர்கள் தொடக்கத்திலேயே பிடித்துக்கொண்டார்கள். பிள்ளையின் உடம்பிலிருந்து ஈயத்தை எடுத்துவிட்டு அதே முற்றத்துக்குத் திருப்பி அனுப்பினால் என்ன பயன்? ஓட்டைப் படகில் தண்ணீரை இறைத்துக்கொண்டிருக்கும் கதைதான். எனவே வீடு சுத்தமாகாத பிள்ளைக்குச் சிகிச்சையைத் தொடங்குவதில்லை என்று முடிவெடுத்தார்கள். கேட்க இரக்கமற்றதாகத் தோன்றும். எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது. மருத்துவர்கள் அப்படிப் பிடிவாதமாக நின்றிருக்காவிட்டால் மண்ணைப் பற்றி யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள்.

மண்ணைச் சுத்தம் செய்யும் பொறுப்பை ஏற்றது அமெரிக்காவின் ஐடாஹோ மாநிலத்தைச் சேர்ந்த டெர்ராகிராஃபிக்ஸ் என்ற சுற்றுச்சூழல் பொறியியல் நிறுவனமும் நியூயார்க்கின் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட்டும். ஐடாஹோக்காரர்கள் வந்தது தற்செயல் அல்ல. அங்கே பழைய ஈய உருக்காலையால் கெட்டுப்போன பங்கர் ஹில் பகுதியைப் பல ஆண்டுகள் சுத்தம் செய்த அனுபவம் அவர்களுக்கு இருந்தது.

வேலை நடந்த விதம் இப்படி. துப்பாக்கி போலக் கையில் பிடிக்கும் ஒரு எக்ஸ்-கதிர்க் கருவி. அதைத் தரையில் வைத்து அழுத்தினால் சில நொடிகளில் மண்ணில் எவ்வளவு ஈயம் என்று திரையில் எண் வரும். முற்றம், அடுப்படி, படுக்கும் அறை, மாட்டுக் கொட்டில் என்று அடிக்கு அடி வைத்துப் பார்த்து வரைபடம் போடுவார்கள். பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கு அமெரிக்க வரம்பு அப்போது 400 பி.பி.எம். பல வீடுகளில் 10,000-ஐத் தாண்டியது. சில இடங்களில் லட்சம். மோசமான இடங்களில் மேல்மண்ணைச் சில அங்குல ஆழத்துக்குச் செதுக்கி எடுத்து மூட்டை கட்டி, ஊருக்கு வெளியே தோண்டிய குழியில் புதைத்து மூடினார்கள். வேறிடத்திலிருந்து நல்ல மண் கொண்டுவந்து முற்றத்தில் கொட்டி மிதித்து இறுக்கினார்கள். புல்டோசர் அந்த வளாகங்களுக்குள் நுழையாது. எல்லாமே மண்வெட்டியும் கூடையும்தான். செய்தவர்கள் அந்தந்த ஊர் ஆட்கள், தினக்கூலிக்கு.

இன்னொரு தடை இருந்தது. வேற்று ஆண்கள் பெண்கள் இருக்கும் வளாகத்துக்குள் கால் வைக்க முடியாது. அங்காவின் எமிர், அதாவது அந்த வட்டாரத்தின் பாரம்பரியத் தலைவர், முன்வந்து ஊர்த்தலைவர்களிடம் பேசினார்; வீட்டுக்குள் பாறை அரைக்கக் கூடாது என்றும் சொன்னார். அரசாணையால் ஆகாதது அவர் வார்த்தையால் ஆனது. வெளிநாட்டு அறிக்கைகளில் இதற்கு ஓரிரு வரிகள்தான் கிடைக்கின்றன. என்னைக் கேட்டால் அந்தக் கருவிக்குச் சமமான இடம் எமிருக்கும் உண்டு.

டாரெட்டாவும் யார்கல்மாவும் 2010 ஜூன், ஜூலையில், மழை பிடிப்பதற்குள் அவசர அவசரமாக முடிந்தன. மழை நின்றதும் அபாரே, டூஸா, சுன்கே, துங்கார் குரு, துங்கார் டாஜி ஆகிய ஐந்து ஊர்கள். 2011 மார்ச்சுக்குள் அவையும் முடிந்தன.

பகேகா காத்திருந்த காலம்

எட்டாவது ஊர் பகேகா. எல்லாவற்றிலும் பெரியது, ஆயிரக்கணக்கானவர்கள் வசிக்கும் ஊர். சுற்று வட்டாரத்துக்கே தாது அரைக்கும் மையமாக அது இருந்தது. ஊரை ஒட்டியே அரைவைக் களம், பக்கத்தில் மாடுகள் தண்ணீர் குடிக்கும் குளம். அங்கே ஈயம் இருக்கிறது என்பது 2010-லேயே தெரியும். சுத்தம் செய்யத் தொடங்கியது 2013-ல்.

நடுவில் என்ன நடந்தது? பணம் வரவில்லை, அவ்வளவுதான். முதல் ஏழு ஊர்கள் நன்கொடையாலும் ஐ.நா. அவசர நிதியாலும் முடிந்தன. பகேகா பெரிய ஊர், பெரிய செலவு. நைஜீரிய அரசு தர வேண்டும் என்பது எல்லோருடைய எதிர்பார்ப்பு. 2012 பிப்ரவரியில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு மே மாதம் தலைநகர் அபுஜாவில் மாநாடு கூட்டி, சிகிச்சை, மண் சுத்தம், பாதுகாப்பான சுரங்க முறை மூன்றும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். மத்திய அரசு நிதி அறிவித்தது. அறிவித்த நிதி கைக்கு வந்து சேர்ந்தது 2013 ஜனவரியில். அதற்குள் ஒரு மழைக்காலம் முழுதாகப் போய்விட்டது. மழையில் அந்தச் சாலைகளில் லாரி ஓடாது, மண்ணும் எடுக்க முடியாது. பணம் வந்தபின் சில மாதங்களில், 2013-ன் நடுப்பகுதிக்குள் வேலை முடிந்தது.

வேலைக்குத் தேவைப்பட்டது சில மாதம், கையெழுத்துக்குப் போனது ஆண்டுக்கணக்கு. மண் முதலில் என்ற விதியின் விலையைப் பகேகாவின் பிள்ளைகள்தான் கொடுத்தார்கள். சுமார் 1,500 பேருக்குச் சிகிச்சை தேவை என்று மருத்துவர்கள் மதிப்பிட்டிருந்தார்கள். ஊர் சுத்தமாகும்வரை தொடங்க முடியவில்லை. அந்த விதி சரி என்று முன்னால் சொன்னேன், இப்போதும் அதையே சொல்கிறேன். பழி தாமதித்த கோப்புக்குத்தான்.

எட்டு ஊர்களிலும் சேர்த்து 820 வீடுகள், அரைவைக் களங்கள் ஆகியவற்றிலிருந்து எடுத்த நச்சுமண் 27,000 கன மீட்டருக்கும் மேல். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் சராசரி ரத்த ஈயம் நான்கு ஆண்டுகளில் 149 மைக்ரோகிராமிலிருந்து 15-க்கு இறங்கியது. 15 என்பதும் நல்ல அளவு இல்லை. ஆனால் 149-ல் சாவு, 15-ல் பள்ளிக்கூடம்.

பாதரசம் பற்றி ஒரு வார்த்தை

பாதரசத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மனிதர்களால் காற்றில் கலக்கும் பாதரசத்தில் ஏறக்குறைய 38 விழுக்காடு சிறு தங்கச் சுரங்கங்களிலிருந்துதான் வருகிறது. ஸம்ஃபாராவில் 2010 இலையுதிர்காலத்தில் ஐ.நா. சுற்றுச்சூழல் குழு சோதித்தபோது காற்றில் பாதரசமும், சில கிணறுகளில் வரம்புக்கு மேல் ஈயமும் இருந்தன. 2013-ல் கையெழுத்தாகி 2017-ல் நடைமுறைக்கு வந்த, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உலக ஒப்பந்தம் சிறு சுரங்கம் உள்ள நாடுகளைத் தேசியச் செயல்திட்டம் போடச் சொல்கிறது. நல்ல விஷயம். ஆனால் திட்டம், பயிற்சி, பணம் எல்லாம் பாதரசத்தின் பின்னாலேயே ஓடுகின்றன. ஸம்ஃபாராவில் ஒரு சொட்டுப் பாதரசம்கூட இல்லாமல் தங்கம் எடுத்திருந்தாலும் அந்தப் பிள்ளைகள் இறந்திருப்பார்கள். உருண்டையைச் சுடுவது கடைசிக் கட்டம். ஈயத் தூசி முதல் சுத்தியலடியிலேயே கிளம்பிவிடுகிறது. ஒரு ஊரில் சுரங்கம் தொடங்கும்போதே பாறையில் வேறு என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு அதே கைக்கருவி போதும், சில நிமிடம் போதும். அதைக் கட்டாயமாக்கிய ஏற்பாடு எனக்குத் தெரிந்து எங்கும் இல்லை.

தடையும் தண்ணீரும்

அரசின் முதல் எதிர்வினை தடை. 2010-ல் சுரங்க வேலையை நிறுத்தச் சொன்னார்கள். நிற்கவில்லை, இரவுக்கும், இன்னும் உள்ளடங்கிய ஊர்களுக்கும் நகர்ந்தது. வாங்குகிற கை இருக்கும்வரை தோண்டுகிற கை நிற்காது. அங்கே எடுத்த தங்கத்தில் பெரும்பகுதி கணக்கில் வராமல் எல்லை தாண்டி துபாய் போன்ற சந்தைகளுக்குப் போகிறது. அங்கே உருக்கி வார்த்தபின் அது எந்த ஊர் முற்றத்தில் அரைபட்டது என்று எந்த நகைக்கடைக்காரராலும் சொல்ல முடியாது. நம்மூர்க் கடைக்காரரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மாற்று வழி வேறு பக்கமிருந்து வந்தது. அதே மருத்துவர்கள் அமைப்பு, தொழில்சார் நலனில் வேலை செய்யும் ஒரு அமெரிக்க அமைப்போடு சேர்ந்து சுரங்கத்தாரர்களோடு பேசியது. அரைக்கும்போது தண்ணீர் தெளி, தூசி பறக்காது. அரைவைக் களத்தை ஊருக்கு வெளியே வை. வீட்டுக்குப் போகும் முன் குளி, உடுப்பை மாற்று. சாப்பிடும் இடம் வேறு, வேலை செய்யும் இடம் வேறு. பெரிய விஞ்ஞானம் இல்லை. காற்றில் ஈயம் வெகுவாகக் குறைந்தது, தொழிலாளர்களின் ரத்தத்திலும் குறைந்தது. வேலையை விடச் சொல்லவில்லை என்பதால்தான் கேட்டார்கள். பெண்களின் வருமானத்துக்கு என்ன வழி என்பது மட்டும் இதில் சரியாகத் தீரவில்லை. களம் ஊருக்கு வெளியே போனபோது அவர்கள் கையிலிருந்த காசும் சேர்ந்தே வெளியே போனது. அதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை.

2015-ல் நைஜீரியாவுக்குள்ளேயே பக்கத்தில் உள்ள நைஜர் மாநிலத்தின் ஷிகிரா என்ற ஊரில் அதே கதை திரும்ப நடந்தது. அதே மாதிரி ஈயம் கலந்த தங்கப்பாறை, அதே வீட்டு அரைவை, 28 பிள்ளைகள் மரணம். ஸம்ஃபாராவில் கற்றுக்கொண்ட முறை அங்கே கைகொடுத்தது என்பது உண்மை. ஆனால் பிள்ளைகள் இறந்த பிறகுதான் ஊரின் பெயரே வெளியே தெரிந்தது.

இதற்கிடையில் ஸம்ஃபாராவில் ஆயுதக் கும்பல்கள் பெருகின. கிராமங்களைக் கொள்ளையடிப்பது, ஆட்களைக் கடத்துவது, சுரங்கக் குழிகளில் பங்கு பிடுங்குவது என்று நிலைமை முற்றியது. 2019-ல் மத்திய அரசு மாநிலம் முழுக்கச் சுரங்க வேலையைத் தடை செய்தது. 2021-ல் விமானம் பறக்கவும் தடை. சுத்தம் செய்த ஊர்களுக்குப் போய் மண்ணை மறுபடி அளக்கக்கூட முடியாத நிலை. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு பன்னிரண்டு ஆண்டு வேலைக்குப் பிறகு 2022-ல் ஈய நச்சுச் சிகிச்சைத் திட்டத்தை மாநில சுகாதாரத் துறையிடம் ஒப்படைத்தது. 2024 டிசம்பரில், பாதுகாப்பு நிலைமை மேம்பட்டுவிட்டது என்று சொல்லி, சுரங்கத் தடையை மத்திய அரசு நீக்கியது. இனி உரிமம் கொடுக்கும்போது அரைவைக் களம் எங்கே, தண்ணீர் எங்கிருந்து, பாறையில் ஈயம் எவ்வளவு என்ற மூன்று கேள்விகளை விண்ணப்பத்திலேயே கேட்க முடியும்.